கென்ரக்கியில் எவடம்?

என் தங்கை தவமணி தொலைபேசியில் அழத் தொடங்கினால், நான் கைபேசியை மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிப்பது வழக்கம். குடித்து முடித்து எடுத்தால் விஷயத்துக்கு வந்திருப்பாள். இந்தமுறை தேத்தண்ணியும் முடிந்து, கூட வைத்த வடையும் முடிந்து, அவள் இன்னும் அழுதுகொண்டுதான் இருந்தாள். கனடாவில் பிறந்து வளர்ந்த அவளுடைய ஒரே மகள் அபிராமி, தானாகவே ஒரு பெடியனைப் பார்த்துக்கொண்டாளாம். பெடியன் கறுப்பினத்தவன். கலியாணம் ஒக்டோபரில். மண்டபமும் பேசியாயிற்று.

“நான் அந்த மண்டபத்து வாசலை மிதிக்கமாட்டன் அண்ணை. சனம் என்ன கதைக்கும் எண்டு யோசிச்சுப் பாத்தனீங்களே? நீங்கள் தாய்மாமன். வந்து விசாரியுங்கோ. நீங்கள் ஓம் எண்டால் நான் போறன். இல்லையெண்டால் அவள் தன்ரை பாட்டிலை செய்யட்டும்.”

யாழ்ப்பாணத்தாருக்குக் கலியாண விசாரிப்பு ஒரு தனிக் கலை. “எவடம்?” என்று தொடங்குவோம். ஊர்ப்பெயர் வந்ததும், ஊரில் எந்தப் பக்கம், கோயிலடியா, சந்தையடியா என்று போவோம். பிறகு தாயின் ஊர், தகப்பனின் காணி, பேரனார் எந்த வீட்டில் பெண் எடுத்தார் என்பதெல்லாம் வரும். சாதி என்ற சொல்லை ஒருவரும் வாயில் எடுப்பதில்லை. எடுக்காமலே கேட்டவருக்கு எல்லாம் விளங்கிவிடும். நான் சுன்னாகத்தில் தலை நரைக்கும்வரை நொத்தாரிசாக இருந்தவன். காணி உறுதி, சீதன உறுதி என்று பத்திரங்கள் எழுதித்தான் பிள்ளைகளைப் படிப்பித்தேன். எங்கள் வலிகாமப் பகுதியில் எந்த வளவு யாருடையது என்று நித்திரையில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இந்த வேலைக்கு என்னைவிட்டால் அவளுக்கு வேறு ஆள் இல்லை. விமானம் ஏறினேன்.

தவமணியின் வீடு ஸ்ரௌவ்வில்லில். ரொறன்ரோவுக்கு வடக்கே, வயலை அழித்துக் கட்டிய புது வீடுகள். எல்லாம் ஒரே அச்சு, ஒரே நிறம். முதல்நாள் காலை நடந்துவரப் போனவன், திரும்பும்போது யாரோ ஒருவரின் வீட்டு மணியை அடித்துவிட்டேன். கதவைத் திறந்த சீனப் பெண்மணி துளியும் கோபப்படவில்லை. “போன கிழமை இன்னொரு ஐயாவும் இங்கேதான் வந்தார்” என்று ஆங்கிலத்தில் சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, அடுத்த தெரு முனைவரை நடந்து வீட்டைக் காட்டிவிட்டுப் போனார். எங்கள் ஊரிலும் வழிகாட்டுவார்கள். ஆனால் யார் வீட்டுக்கு, என்ன அலுவல் என்று கேட்டறிந்த பிறகுதான் காட்டுவார்கள்.

அங்கே கார் இல்லாமல் ஒரு பிடி கடுகு வாங்க முடியாது. ஆகையால் வீட்டுக்காவல்தான். தவமணி நாள் முழுக்க ஒரே பல்லவி. கடையில் வாங்கிய இடியப்பமும் மட்டன் ரோல்ஸும் அருமையாக இருந்ததால் பொறுத்துக்கொண்டேன். ரோல்ஸ் விஷயத்தில் ஸ்காபரோவில் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் யாழ்ப்பாணத்தை எப்போதோ முந்திவிட்டார்கள். இதை ஊரில் சொன்னால் அடிக்க வருவார்கள். தவமணியின் கணவர் சிவநேசன் பேசுவது அரிது. மகளின் கலியாணத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர் மச்சான் என்று கேட்டேன். எழும்பிப் போய்ப் புல்லு வெட்டும் மெஷினை ஸ்டார்ட் பண்ணினார்.

மறுநாள் அவர் வேலைக்குப் போகும் வழியில் என்னை மல்வேர்னில் இறக்கிவிட்டார். அங்கிருந்து ஒரே பஸ், மோர்னிங்சைட்டில் அபிராமியின் அபார்ட்மென்ட். இதைவிட இலகுவான பயணம் இல்லை என்றார். நான் நம் நாட்டு வழக்கப்படி வீதியின் இடப்பக்கம் நின்று, வந்த பஸ்ஸில் ஏறி, வசதியாக உட்கார்ந்து, நேர் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தேன். இந்த நாட்டில் வாகனம் வலப்பக்கம் போகும் என்று புத்திக்குத் தெரியும். காலுக்குத் தெரியவில்லை.

தொழிற்சாலைச் சீருடையோடு பக்கத்தில் இருந்தவர்தான் என் கையிலிருந்த முகவரித் துண்டைப் பார்த்துக் கண்டுபிடித்தார். “அங்கிள், நீங்க மோர்னிங்சைட்டுக்கா? இது மற்றப் பக்கம் போற பஸ்.” மட்டக்களப்புக்காரர். இரவு வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர், என்னோடு இறங்கி, சிவப்பு வெளிச்சம் மாறும்வரை நின்று, வீதியைக் கடக்கப் பண்ணி, அடுத்த பஸ் வரும்வரை காத்திருந்தார். அந்த இடைவெளியில் நான் சும்மா இருந்தேனா? “தம்பி, மட்டக்களப்பிலை எவடம்?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “நீங்க யாழ்ப்பாணம்தான். கேட்கவே தேவையில்ல,” என்றார். கடைசிவரை ஊரைச் சொல்லவில்லை. வந்த பஸ்ஸின் சாரதியிடம் அவரே விஷயத்தை விளக்க, சாரதி என்னிடம் மறுபடி காசு கேட்காமல் ஏற்றிக்கொண்டார். நம்மூர் கொண்டக்டராக இருந்தால் முதலில் ஒரு சொற்பொழிவு நடந்திருக்கும்.

தரிப்பிடத்தில் ஓர் உயர்ந்த பெடியன் வெயிலில் நின்றான். “வணக்கம் மாமா,” என்றான். அவன்தான் அபிராமியின் மார்க்கஸ். அதற்குமேல் ஆங்கிலம்தான். அபிராமிக்கு ஆஸ்பத்திரியில் வேலை முடியவில்லை என்று தான் வந்ததாகச் சொன்னான். தொழில் என்னவென்று கேட்டேன். பெரிய கட்டடங்களில் லிஃப்ட் திருத்துவதாம். அபிராமியின் கட்டடத்துக்குப் போனால் அங்கே லிஃப்ட் வேலை செய்யவில்லை. “இது எங்கள் கம்பனியின் பொறுப்பு இல்லை, சத்தியமாக,” என்று கையை உயர்த்தினான். என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு மாடியிலும் எனக்காக நின்று நின்று ஏறினான். மூச்சுவாங்கி நான் படியில் குந்தியபோது அவனும் பக்கத்தில் குந்தினான். எனக்குப் பெடியனைப் பிடித்துவிட்டது. ஆனால் விசாரிப்பு என்று வந்தால், பெடியனைப் பிடிப்பதற்கும் சம்பந்தத்துக்கும் தொடர்பு கிடையாது.

மாலையில் அபிராமி வந்ததும் கேள்விக்கொத்தை அவிழ்த்தேன். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. “மாமா, ப்ளீஸ். உந்தக் கேள்வியள் அவரிட்டைக் கேக்காதேங்கோ. இட்ஸ் சோ எம்பரசிங்.”

மார்க்கஸ் மட்டும் சிரித்துக்கொண்டு சொன்னான்: “என் அத்தையிடம் கேளுங்கள். இப்படிக் கேட்கிற ஆளுக்காக அவர் ரொம்ப நாளாகக் காத்திருக்கிறார்.”

தாய் தகப்பன் இல்லாத மார்க்கஸை வளர்த்தவர் அந்த அத்தை, ரூத். ஓய்வுபெற்ற சட்டத்தரணி. நகரத்தின் மேற்கே பழைய செங்கல் வீடொன்றில் இருக்கிறார். ஞாயிறு மூவரும் புறப்பட்டோம். சுரங்க ரயில் வரை எல்லாம் சுகம். பிறகு ஏறிய ட்ராம் வண்டி பாதி வழியில் நின்றது. எவனோ காரைத் தண்டவாளத்தில் முட்டுகிறமாதிரி நிறுத்திவிட்டுக் கோப்பி வாங்கப் போயிருந்தான். ட்ராம் ஒதுங்கிப் போகாதே! ஒருவரும் கத்தவில்லை. ஒரு பெண் மட்டும் இறங்கிப் போய்க் கடை கடையாக எட்டிப் பார்த்துத் தேடினாள். மற்றவர்கள் இறங்கி நடந்தார்கள். நாங்களும் தூறலில் நடந்தோம். நனைந்த வேட்டியோடு சம்பந்தம் பேசப் போன முதல் தாய்மாமன் நானாகத்தான் இருப்பேன்.

ரூத் எங்களுக்குத் தலை துவட்டத் துவாயோடு வாசலில் நின்றார். எண்பதை நெருங்கும் வயது, நிமிர்ந்த உடல், குரலில் நீதிமன்றம். சாப்பாட்டு மேசையில் சோள ரொட்டி, கீரை, பெரிய கிண்ணம் நிறையக் கண்ணில் கறுப்புப் பொட்டு வைத்த பயறு. பார்த்தவுடன் தெரிந்தது, நம்முடைய கௌபி! நாங்கள் தேங்காய்ப்பூ போடுவோம், இவர்கள் புகைத்த இறைச்சி போடுகிறார்கள். ரூத்துக்கு அதைச் சொன்னதும் பெரிய சந்தோஷம். தேங்காய்ப்பூ எவ்வளவு என்று கேட்டு மனதில் குறித்துக்கொண்டார்.

வயிறு நிறைந்ததும் நான் செருமினேன். அபிராமி கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு ஆங்கிலம் எழுத வரும், பேச்சு இடறும். ஆகவே தமிழில் கேட்டு அவளைக்கொண்டு மொழிபெயர்க்க வைத்தேன். உங்கள் பரம்பரை எந்த ஊர்?

“கென்ரக்கி,” என்றார் ரூத்.

“கென்ரக்கியில் எவடம்?”

“ஓகையோ ஆற்றங்கரையில் ஒரு பண்ணை.”

“அங்கே உங்கள் குடும்பத்துக்குக் காணி பூமி இருந்ததா?”

அபிராமி இதை மொழிபெயர்க்க மறுத்தாள். ரூத் விடவில்லை, சொல்லு என்றார். சொன்னாள். ரூத் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் பதில் சொன்னார்.

“காணி இருக்கவில்லை. எங்களைத்தான் காணியோடு சேர்த்து எழுதினார்கள். எசமானின் மகளுக்குக் கலியாணம் நடந்தபோது எழுதிக்கொடுத்தது ஒரு கட்டில், ஒரு பசு, பிறகு ஹன்னா. ஹன்னா என்பது என் பூட்டி.”

நான் எத்தனை சீதன உறுதி எழுதியிருப்பேன்! வளவு, நகை, வண்டில், மாடு என்று வரிசையாக. எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்துச் சீதன உறுதிகளிலும் அந்த வரிசையில் ஆட்கள் இருந்தார்கள். பிறகு ஆங்கிலேயர் சட்டம் போட்டு அடிமைமுறையை ஒழித்தார்கள். ஒழித்தபிறகும் அந்த ஆட்களின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் அடையாளம் பிடிக்கத்தான் நாங்கள் “எவடம்?” என்று கேட்கிறோம். இதைத் தமிழில் சொன்னேன். அபிராமி என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு மொழிபெயர்த்தாள். அவளுக்கு இது புதுச்செய்தி.

ரூத் கேட்டார்: “நீங்கள் எழுதியவர்கள் பக்கமா, எழுதப்பட்டவர்கள் பக்கமா?”

“எழுதியவர்கள் பக்கம்,” என்றேன்.

அவர் தலையசைத்தார். என் தட்டில் இன்னும் கொஞ்சம் கௌபி போட்டார். வெட்கமாக இருந்தது. அதைச் சொல்லவும் சொன்னேன். “வெட்கத்தோடு சாப்பிடலாம், ஆறவிடாதீர்கள்,” என்றார்.

பிறகு அவர் சொன்ன கதையை நான் எவ்வளவு சுருக்கினாலும் அதன் அழகு குறையாது. ஹன்னாவின் புருஷன் எலைஜா. வேறொரு பண்ணையில் அடிமை. அடிமைகளின் கலியாணத்தைச் சட்டம் கணக்கில் எடுக்காது. ஆகவே இரண்டுபேரும் எல்லோர் முன்னிலையிலும் கைகோத்து ஒரு துடைப்பத்தைத் தாண்டினார்கள். அதுதான் சடங்கு. அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன்பே எலைஜா ஆற்றைக் கடந்து தப்பி இந்த ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தார். கைக்குழந்தையோடு ஹன்னாவால் ஓட முடியவில்லை.

உள்நாட்டுப் போர் தொடங்கியது. நடுவில் அமெரிக்க ஜனாதிபதி அடிமைகளுக்கு விடுதலை என்று பிரகடனம் செய்தார். நாங்கள் பள்ளிக்கூடத்தில் அத்தோடு அடிமைமுறை முடிந்தது என்றுதான் படித்தோம். ரூத் விரலை ஆட்டினார். பிரகடனம் பிரிந்துபோய்ச் சண்டைபிடித்த மாநிலங்களுக்கு மட்டும்தான். கென்ரக்கி பிரியவில்லை, ஆகவே அங்கே விடுதலை இல்லை. நொத்தாரிசு புத்தி எனக்குச் சும்மா இருக்குமா? அடுத்தவன் பிடியிலிருக்கும் காணியை எழுதிக்கொடுத்துவிட்டுத் தன் கையிலிருப்பதை எழுதாமல் விட்ட உறுதி இது என்றேன். ரூத் மேசையில் தட்டிச் சிரித்தார். “ஆனால் அந்த உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு படை நடந்துபோனதே! போன இடமெல்லாம் அது உண்மையானது,” என்றார்.

அந்தப் படையில் கறுப்பர்களையும் சேர்க்கத் தொடங்கினார்கள். இங்கே சுதந்திரமாக, கூலிக்கு மரம் அறுத்துக்கொண்டிருந்த எலைஜா ஒருநாள் மரமறுக்கும் வாளைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பவும் ஆற்றைக் கடந்தார். எந்த மண்ணில் அடிமையாக இருந்தாரோ அந்த மண்ணுக்கே போய்ப் படையில் சேர்ந்தார். சேர்ந்த சிப்பாய்க்கு விடுதலை உண்டு. ஆனால் பெண்சாதி பிள்ளைக்கு இல்லை. சிப்பாய்கள் விடவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார்கள். போரின் கடைசிக் கட்டத்தில் அமெரிக்கப் பாராளுமன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. சிப்பாயின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அன்றே விடுதலை. யார் மனைவி என்பதை எப்படி நிரூபிப்பது என்பதையும் அதிலேயே எழுதினார்கள். ஹன்னா குழந்தையோடு முகாமுக்கு நடந்து வந்தாள். துடைப்பம் தாண்டியதைப் பார்த்தவர்கள் இரண்டுபேர் சாட்சி சொன்னார்கள். கென்ரக்கியில் மற்றவர்களுக்கு விடுதலை கிடைக்க அந்த வருடக் கடைசியில் அரசியல் சாசனத்தையே திருத்த வேண்டியிருந்தது.

“அதனால் எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம்,” என்றார் ரூத். “ஒவ்வொரு கலியாணத்திலும் அந்தத் தீர்மானத்தின் வரிகளைச் சத்தமாக வாசிப்போம். நாங்கள் வாசிக்கமாட்டோம். புதிதாகச் சேர்கிற குடும்பத்தில் ஒருவர் எழும்பி வாசிக்கவேண்டும். தன் மொழியில் வாசிக்கலாம். என் தாயின் கலியாணத்தில் பிரெஞ்சில் வாசித்தார்கள்.” சற்று நிறுத்தினார். “அபிராமியின் அம்மா வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். அப்படியானால் வாசிக்க ஆளில்லை. நீங்கள் வாசிப்பீர்களா?”

அபிராமி மேசை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய கண் நிறைந்திருந்தது. ஓம் என்றேன். தங்கையைக் கேட்காமல் சொல்லிவிட்டேனே என்ற பயம் சுரங்க ரயிலில்தான் வந்தது. பயத்தைப் போக்க, அபிராமியின் கைபேசியில் அந்த வரிகளை எடுத்துத் தமிழாக்கத் தொடங்கினேன். மூலத்தில் ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. இப்படி எழுதத் தெரிந்தவனை நேரில் கண்டால் கும்பிட்டிருப்பேன்.

ஸ்ரௌவ்வில்லுக்கு வந்தபோது தவமணி புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். சிவநேசன் பக்கத்தில் துருவுபலகையில் குந்தித் தேங்காய் துருவினார். தவமணி முதலில் சாப்பாட்டை விசாரித்தாள்.

“என்ன தந்தவை?”

“கௌபி.”

“கௌபியோ?” நம்பாமல் திரும்பினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “சரி, ஆக்கள் எப்பிடி? என்ன சொல்லுறியள்? ஓமோ, இல்லையோ?”

வழியெல்லாம் ஒரு பிரசங்கம் தயாரித்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. எலைஜா, ஹன்னா கதையைத் தாறுமாறாகச் சொன்னேன். பிறகு கைபேசியை எடுத்து என் தமிழை வாசித்தேன்.

“அவனும், அவனுடைய மனைவி என்று சொல்லப்படும் பெண்ணும், புருஷன் பெண்சாதியாகச் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்ற சாட்சி போதும். அல்லது அவர்கள் ஏதேனும் ஒரு சடங்கு செய்து மணந்தார்கள் என்ற சாட்சி போதும். அந்த மணத்தைச் சட்டம் ஏற்றிருந்தாலும் சரி, ஏற்காவிட்டாலும் சரி.”

தவமணி அடுப்பை நிறுத்தினாள். “திருப்பி வாசியுங்கோ,” என்றாள். வாசித்தேன்.

“எங்களிட்டையும் இதைத்தானே கேட்டவை,” என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் போரில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த நாட்களில், சாவகச்சேரிப் பள்ளிக்கூடம் ஒன்றில், அகதிகளுக்கு நடுவே இவர்களுக்குத் தாலி கட்டியது. மஞ்சள் கயிறுதான். பதிவுகாரரும் இல்லை, படம் எடுக்கவும் ஆளில்லை. சிவநேசன் கனடாவுக்கு வந்து அவளைக் கூப்பிட்டபோது, கொழும்பில் பெண் விசா அதிகாரி ஒருவர் இது கலியாணம் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். அவர்கள் புருஷன் பெண்சாதி என்று சத்தியக்கடதாசி எழுதிக் கையெழுத்து வைத்தவன் நான். ரயிலில் அவ்வளவு நேரம் ஒவ்வொரு சொல்லாகத் தமிழாக்கியும் அது என் நினைவுக்கு வரவேயில்லை.

“அந்த மனிசி என்னை ஏற இறங்கப் பாத்தது இப்பவும் கண்ணுக்குள்ளை நிக்குது,” என்றாள் தவமணி. “ஏதோ நான் பொய்க்கு வந்தவள் மாதிரி.”

சிவநேசன் துருவுபலகையிலிருந்து கையை எடுத்தார். “நீர் அண்டைக்குக் கூறைகூட உடுக்கேல்லை,” என்றார். “ஆரோ ரீச்சர் தந்த வெள்ளைச் சீலை. வடிவாத்தான் இருந்தனீர்.”

அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. தவமணி முகத்தைச் சீலைத் தலைப்பால் துடைத்தாள். புட்டைக் குழலிலிருந்து தட்டில் தள்ளினாள். எனக்குப் போட்டாள், புருஷனுக்குப் போட்டாள்.

“அதை ஆர் வாசிக்கிறது எண்டு சொன்னனீங்கள்?”

“பெண்வீட்டிலை ஒராள். என்னைக் கேட்டிருக்கினம். நானும் ஓம் எண்டு சொல்லிப்போட்டன், தவம். கோவிக்காதை.”

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து என் கைபேசியை வாங்கினாள். எழுத்து சிறிதாக இருக்கவே தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

“நீங்கள் வாசிக்கவேண்டாம் அண்ணை,” என்றாள். “பெட்டையின்ரை தாய் நான் இருக்கிறன்.”